காலைக் காக்கும் கத்தி

முள் குத்திய கால் புரையோடிவிட்டால் வெட்டி எடுப்பதுதான் வழி என்றிருந்த காலம் ஒன்று உண்டு. அதே கத்தி இன்று காலைக் காப்பாற்றும் கருவியாகிவிட்டது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை: நோயாளி நேரத்தில் வந்து சேர வேண்டும்.

தர்மபுரி ஜில்லாவின் மானாவாரிக் காடுகளில் முள்ளுக்குப் பஞ்சமே கிடையாது. கருவேல முள், இலந்தை முள், வேலிக்கு வெட்டிப் போட்டுக் காய்ந்துபோன முள் என்று எத்தனையோ வகை. கேழ்வரகுக் கொல்லையில் களை எடுக்கும்போதும், புளி உலுக்கப் போகும்போதும், ஆட்டை ஓட்டிக்கொண்டு கரட்டோரம் திரியும்போதும் அவை காலில் ஏறுவது சகஜம். பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவதுதான் வழக்கம். பெரும்பாலும் அதோடு சரி. இரண்டு நாளில் ஆறிவிடும். முள் குத்தியதே மறந்துபோகும்.

எப்போதாவது ஒரு முறை அப்படி ஆறுவதில்லை.

முதல் நாள் சுருக்கென்று ஒரு வலி. மறுநாள் பாதம் வீங்குகிறது. வீட்டில் மஞ்சளை அரைத்துப் பற்றுப் போடுகிறார்கள். மூன்றாம் நாள் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது. குளிரும் காய்ச்சலும் வருகின்றன. கடைத்தெருவில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கியாகிறது. நான்காம் நாள் காலையில் பார்த்தால் புறங்காலில் தோல் கறுத்து, கொப்புளங்கள் எழும்பி, துர்நாற்றமும் வீசுகிறது. பிறகுதான் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். அங்கே ரத்தத்தைச் சோதித்தால் சர்க்கரை ஏகமாக ஏறியிருக்கிறது. தமக்குச் சர்க்கரை வியாதி உண்டு என்பதே அன்றுவரை அந்த மனிதருக்குத் தெரியாது.

டாக்டர் காலைப் பார்த்துவிட்டு, "உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும்" என்கிறார். உடன் வந்தவர்களின் முகம் வெளிறிப் போகிறது. எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றே:

"காலை எடுத்துடுவீங்களா, சார்?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் சோறு இருக்கிறது. ஏர் ஓட்டவும், மரம் ஏறவும், கரும்பு வெட்டவும், சூளையில் மண் மிதிக்கவும் கால் வேண்டும். உயிர் பிழைத்தும் கால் போய்விட்டால், வீட்டில் சம்பாதிக்கிறவர் ஒருவர் குறைந்து, பார்த்துக்கொள்ளப்பட வேண்டியவர் ஒருவர் கூடிவிடுகிறார். ஆகவே ரண சிகிச்சை செய்யும் டாக்டருக்கு முன்னால் இரண்டு கடமைகள் நிற்கின்றன. உயிரைக் காப்பது ஒன்று. காத்த உயிர் நடமாடிப் பிழைப்பதற்கு வேண்டிய கையையும் காலையும் காப்பது மற்றொன்று.

இந்த இரண்டாவது கடமையை வைத்திய உலகம் எளிதில் கற்றுக்கொள்ளவில்லை. அது கற்றுக்கொண்ட கதையில் ஒரு முக்கியமான பாகம், இந்தப் பக்கத்து மலை ஒன்றில் பிறந்தவருக்கு உரியது.

வைக்கோற்போரில் பிடித்த தீ

ஆட்டுத் தொடைக்கறியைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும்: சதையின் மேல் வெண்மையான சவ்வு ஒன்று போர்த்தியிருக்கும். மனித உடம்பிலும் அப்படித்தான். மேலே தோல்; அதன் கீழே கொழுப்பு; அதற்கும் கீழே சதையைப் பொதிந்திருக்கும் சவ்வு; பிறகு சதை. சாதாரணக் கட்டி என்றால் சீழ் ஓரிடத்தில் கோத்துக்கொண்டு நிற்கும். கீறிவிட்டால் வடிந்து ஆறிப்போகும். ஆனால் சில கொடிய கிருமிகள் அந்தச் சவ்வை வழியாகப் பிடித்துக்கொண்டு பரவும். அங்கே ரத்த ஓட்டம் குறைவு. எதிர்த்து நிற்கும் படையும் குறைவு. கிருமிகளுக்கு அது நெடுஞ்சாலை.

வைக்கோற்போருக்குள் பிடித்த தீயை இதற்கு உவமையாகச் சொல்லலாம். வெளியே பார்த்தால் லேசாகப் புகைவது போலத்தான் இருக்கும். உள்ளே பாதி போர் கருகியிருக்கும். அதுபோலவே, தோல் மேலே சற்றுச் சிவந்து மட்டும் இருக்கும்போதே அடியில் சவ்வு ஒரு முழ நீளத்துக்கு அழுகியிருக்கக்கூடும். பத்திரிகைகளில் "சதையைத் தின்னும் கிருமி" என்று எழுதுகிறார்களே, அது இந்த வியாதியைத்தான். உண்மையில் கிருமி எதையும் கடித்துத் தின்பதில்லை. அது கக்கும் விஷம் சதையைச் சாகடிக்கிறது. ரத்தக் குழாய்களை அடைக்கிறது.

"இவ்வளவு மருந்துகள் வந்துவிட்டனவே, ஊசி போட்டால் போதாதா?" என்று கேட்கலாம். மருந்து ரத்தத்தின் வழியாகத்தான் போக வேண்டும். வாய்க்கால் தூர்ந்துபோனால், ஏரி நிறையத் தண்ணீர் இருந்தும் வயலுக்குப் பயனில்லை அல்லவா? ரத்தக் குழாய்கள் அடைபட்ட செத்த சதைக்குள் எந்த உயர்ந்த மருந்தும் நுழையாது. அங்கே கிருமிகள் பத்திரமாகக் குடியிருந்து, மேலும் மேலும் விஷத்தை ரத்தத்தில் கலந்துகொண்டிருக்கும். மருந்து அவசியம், ஆனால் அழுகியதை அகற்றினால்தான் மருந்துக்கு வேலை.

ஆகவேதான் கத்தி வருகிறது. அது எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ, அவ்வளவு குறைவாக வெட்டினால் போதும். இந்த வைத்தியத்தின் சூத்திரம் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கும்.

பழைய பயங்கரம்

இது புதிய வியாதி அல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயம் பட்ட சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரிக் கொட்டகைகளிலேயே புண் அழுகிப் பரவியது. ஜோசப் ஜோன்ஸ் என்ற டாக்டர் 1871-ம் ஆண்டில் அந்தக் கணக்கை வெளியிட்டார். 2,642 பேரில் ஏறக்குறைய 46 சதவிகிதம் பேர் இறந்துபோனார்கள். பிழைத்தவர்களில் கையோ காலோ போனவர்கள் பலர். கிருமி என்ற ஒன்று உண்டு என்பதே அப்போது சரியாக நிலைநாட்டப்படவில்லை. கால் அழுகத் தொடங்கினால் மேலே எங்கேயாவது அறுத்தெடுப்பது அந்நாளைய வழிகளில் ஒன்று.

பிறகு சீன தேசத்தின் பீகிங் நகரில் பணியாற்றிய மெலனி என்ற ரண வைத்தியர், இப்படி வந்த 20 நோயாளிகளைக் கவனித்து 1924-ல் எழுதினார். உறுப்பை எடுத்துவிடுவது ஒன்றே முடிவல்ல. சீக்கிரமாகத் தோலை நீளமாகத் திறந்து, அடியில் உள்ளதை வெளிப்படுத்திவிட்டால் காப்பாற்றலாம் என்று வற்புறுத்தினார். அப்போது பென்சிலின் கிடையாது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 1952-ல் வில்சன் என்ற அமெரிக்க டாக்டர், அழுகுவது முக்கியமாக அந்தச் சவ்வுதான் என்பதைக் குறிக்கும் பெயரை இந்த வியாதிக்குச் சூட்டினார். அந்தப் பெயரே இன்றும் வழங்குகிறது.

அழுகுவது சவ்வு என்று தெரிந்ததும் கத்தியின் குறியே மாறிவிட்டது. சவ்வு அழுகியிருந்தாலும் அதன் கீழே சதை உயிரோடு இருக்கலாம். எலும்பு நன்றாக இருக்கலாம். பிறகு ஏன் காலையே எடுக்க வேண்டும்?

எதை எடுப்பது, எதை விடுவது?

ஆபரேஷன் மேஜையில் நடப்பது இதுதான். தோலை நீளவாக்கில் திறக்கிறார்கள். நல்ல சவ்வு வெண்மையாகப் பளபளக்கும். கீழே உள்ளதோடு இறுகப் பிடித்திருக்கும். அழுகிய சவ்வு சாம்பல் நிறமாகத் தொளதொளத்துக் கிடக்கும். விரலை விட்டால் எதிர்ப்பில்லாமல் பிரிந்துகொண்டே போகும். விரல் தடைபடும் இடத்தில்தான் ஆரோக்கியமான பகுதி தொடங்குகிறது. சதை நல்லதா என்று அறியவும் வழிகள் உண்டு. வெட்டினால் ரத்தம் கசிய வேண்டும்; தொட்டால் துடிக்க வேண்டும்; நிறம் சிவந்திருக்க வேண்டும். ரத்தம் கசியாதது போகட்டும், கசிவது இருக்கட்டும் என்பதே விதி.

செத்ததில் ஒரு துணுக்கையும் விட்டுவைக்கக் கூடாது. உயிருள்ளதில் ஒரு துணுக்கையும் வீணாக எடுக்கக் கூடாது. பாதத்தைத் தூக்கி நிறுத்தும் தசைநாண், குதிகாலின் கெட்டியான தோல், பெருவிரல், உணர்ச்சி தரும் நரம்பு ஆகியவை போனால் அந்த இடத்தில் வைப்பதற்கு வேறு பொருள் கிடையாது. கூடியவரை அவற்றைக் காக்கப் பார்ப்பார்கள்.

புண்ணை உடனே தைத்து மூடுவதில்லை. இதைக் கண்டு உறவினர்கள் திகைப்பதுண்டு. "இவ்வளவு பெரிய புண்ணைத் திறந்தபடியே விட்டுவிட்டார்களே!" என்பார்கள். மூடினால் உள்ளே எஞ்சிய கிருமி மறுபடியும் சீழ் கட்டும். அதனால் ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து மறுபடியும் மயக்க மருந்து கொடுத்து உள்ளே பார்க்கிறார்கள். புதிதாக அழுகியது இருந்தால் அதையும் எடுக்கிறார்கள். புண் சுத்தமாகும்வரை இது தொடரும். பிறகு தினமும் கட்டு மாற்ற வேண்டும். 1990-களில் வழக்கத்துக்கு வந்த ஒரு முறையில், புண்ணின் மேல் பஞ்சு போன்ற ஒரு பொருளை வைத்து, காற்றுப் புகாமல் மூடி, சிறிய இயந்திரத்தால் கசிவை உறிஞ்சி எடுக்கிறார்கள். நாளடைவில் மாதுளை முத்துப் போலச் சிவந்த புதுச் சதை எழும்புகிறது. அதன் மேல், நோயாளியின் தொடையிலிருந்தே மெல்லியதாகத் தோலைச் சீவி எடுத்துப் பதிக்கிறார்கள்.

சில சமயம் காலை எடுக்காமல் முடியாது. விஷம் உடம்பு முழுவதும் ஏறி உயிர் ஊசலாடும்போது, உயிருக்காகக் காலைக் கொடுக்க வேண்டியிருக்கும். அப்போதும் முழங்காலைக் காப்பாற்ற முயல்வார்கள். முழங்கால் மிஞ்சினால் செயற்கைக் காலோடு நடப்பது எளிது. அது போய்விட்டால் ஒவ்வோர் அடியும் பெரும் பாடு. 1960-களின் இறுதியில் ராஜஸ்தானத்தில் உருவான ஜெய்ப்பூர்க் கால், வெறுங்காலோடு வயலில் நடக்கவும் தரையில் குந்தி உட்காரவும் உதவுவது. எதை எடுக்கிறோம் என்பதை விட எதை விட்டுவைக்கிறோம் என்பதே பெரிது என்ற நியாயம் அங்கேயும் மாறவில்லை.

கையின் கதை வேறு

கையில் சீழ் பிடித்தால் விஷயம் இன்னும் நுட்பமானது. விரலை மடக்கும் தசைநாண்கள் ஒவ்வொன்றும் ஓர் உறைக்குள் ஓடுகின்றன. கூர்முனை ஒன்று அந்த உறையைத் துளைத்துவிட்டால், சீழ் குழாய்க்குள் தண்ணீர் போல ஓடிவிடும். உறைக்குள் அழுத்தம் ஏறி, தசைநாணே செத்துப்போகும். பிறகு விரல் மரக்கட்டைதான்.

சிக்காகோ நகரின் ஆலன் கனவெல் என்ற ரண வைத்தியர், சவங்களின் கைகளில் திரவத்தைச் செலுத்தி, சீழ் எந்தெந்த வழியில் பரவும் என்று ஆராய்ந்தார். 1912-ல் அவர் வெளியிட்ட நூல் இத்துறைக்கு ஒரு வழிகாட்டி. அவர் சொன்ன அடையாளங்கள் நான்கு. விரல் சற்று மடங்கியே நிற்கும்; விரல் முழுவதும் ஒரே சீராக வீங்கும்; உறை ஓடும் வழி நெடுக அழுத்தினால் வலிக்கும்; விரலைப் பிறர் நிமிர்த்த முயன்றால் உயிர் போகும். நூறாண்டு கடந்தும் டாக்டர்கள் இந்த நான்கைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

கீறும் இடத்திலும் சூட்சுமம் உண்டு. விரல் மடிப்பின் ரேகைக்குக் குறுக்கே நேராகக் கீறினால் சீழ் வடிந்துவிடும். ஆனால் ஆறிய தழும்பு சுருங்கி விரலை நிரந்தரமாக வளைத்துவிடும். ஆகவே விரலின் பக்கவாட்டில் கீறுகிறார்கள். அதன் பிறகு, விரல்கள் விறைத்துப்போகாத நிலையில் கையைச் சிம்பு வைத்துக் கட்டுகிறார்கள். வீக்கம் வடிந்ததும் விரல்களை ஆட்டச் சொல்கிறார்கள். வலிக்கிறதென்று ஆட்டாமல் வைத்திருந்தால், சீழிலிருந்து தப்பிய கை விறைப்பில் வீணாகிவிடும். கத்தி பாதி வேலைதான் செய்கிறது. மீதி நோயாளியின் கையில்.

கொல்லிமலையில் பிறந்த டாக்டர்

1914-ம் ஆண்டு ஜூலை மாதம் கொல்லிமலையில் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலப் பாதிரிமார் தம்பதிக்கு ஒரு மகன் பிறந்தான். கொல்லிமலையும் சரி, இன்றைய தர்மபுரியும் சரி, ஒரு காலத்தில் ஒரே சேலம் ஜில்லாவில் இருந்தவை. தர்மபுரி தனி ஜில்லாவானது 1965-ல்தான்.

தகப்பனார் முழு டாக்டர் அல்ல. சிறிது வைத்தியம் பயின்றவர். மலைவாசிகளின் கட்டிகளைக் கீறுவதும், நரம்புச் சிலந்திப் புழுவை வெளியே எடுப்பதும் அவருடைய அன்றாட வேலை. அந்தச் சீழையும் ரத்தத்தையும் பார்த்த சிறுவன் பாலுக்கு வைத்தியத்தின் மேலேயே வெறுப்பு உண்டாயிற்று. ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டான். 1929-ல் தந்தை மலையிலேயே காய்ச்சலில் மாண்டார். விதி விசித்திரமானது. வைத்தியத்தை வெறுத்த அந்தப் பையன் ரண வைத்தியரானார். லண்டனில் ஜெர்மானியர் குண்டு மாரி பொழிந்த காலத்தில் பயிற்சி பெற்றார். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். டாக்டர் பால் பிராண்ட் என்ற பெயர் பிறகு உலகெங்கும் பரவியது.

தொழுநோய் நிபுணரான டாக்டர் ராபர்ட் காக்ரேன் 1947-ல் அவரைச் செங்கற்பட்டில் இருந்த தொழுநோய் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கே விரல்கள் மடங்கிப்போன கைகளைக் கண்டார் பிராண்ட். ஒரு நோயாளியிடம், தம் கையை இறுகப் பிடிக்கச் சொன்னார். செத்த கை என்று நினைத்தது இரும்புப் பிடியாகப் பிடித்தது! முழங்கையின் கீழே உள்ள சதைகள் பலமாகவே இருக்கின்றன. சில நரம்புகள் மட்டும்தான் கெட்டிருக்கின்றன என்பது அந்த ஒரு நொடியில் அவருக்குப் புலப்பட்டது. அப்படியானால் பலமுள்ள தசைநாண் ஒன்றை எடுத்து, பலமிழந்த விரலுக்கு மாற்றிக் கட்டலாமே!

1948-ல் வேலூரில் அந்த ஆபரேஷன்கள் தொடங்கின. தொழுநோயாளியின் சதை "கெட்ட சதை", அதில் கத்தி பட்டால் ஆறாது என்ற நம்பிக்கை அன்று டாக்டர்களிடமே இருந்தது. புண்கள் எல்லோருக்கும் ஆறுவது போலவே ஆறின. மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன. 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே இத்தகைய கை ஆபரேஷன்களைச் செய்தார் என்பது அந்த ஆஸ்பத்திரியின் வரலாற்றில் மறக்க முடியாத அத்தியாயம்.

ஒரு விசித்திரமும் நடந்தது. கை சரியான சிலர் திரும்பி வந்து முறையிட்டார்களாம்: நல்ல கையைப் பார்த்து யாரும் பிச்சை போடவில்லை, தொழுநோயாளி என்று யாரும் வேலையும் கொடுக்கவில்லை. கையைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் போதாது, அந்தக் கைக்கு ஒரு வேலையும் வேண்டும் என்று பிராண்ட் உணர்ந்தார். நோயாளிகள் தங்கித் தொழில் கற்பதற்கு ஒரு சிறு குடியிருப்பு வேலூரில் எழுந்தது.

பூட்டைத் திறந்த பையன்

ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் பிராண்ட் திணறினார். தொழுநோய் கண்ட சிறுவன் ஒருவன் வந்து, சாவியைப் பிடித்து ஒரே திருகாகத் திருகித் திறந்துவிட்டான். பிராண்ட் வியந்துபோய் அவன் கையைப் பார்த்தார். சாவி அழுத்தியதில் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. பையனுக்கோ ஒன்றுமே தெரியவில்லை!

விரல்கள் உதிர்வது தொழுநோயால் அல்ல என்பது அவருக்கு விளங்கியது. வலி தெரியாததால் காயம். காயத்தை அலட்சியம் செய்வதால் சீழ். சீழ் எலும்பை அரிப்பதால் விரல் குறைகிறது. குடியிருப்பில் சிலருக்கு இரவோடு இரவாக விரல் நுனி காணாமல் போயிற்று. காவலிருந்து பார்த்தபோது, எலி வந்து கடிப்பது தெரிந்தது. உணர்ச்சியற்ற விரலை எலி கடித்தாலும் தூக்கம் கலையாது. அதற்கு அவர் கண்ட சிகிச்சை மிக எளியது: ஆளுக்கொரு பூனை!

காலும் அப்படியே. உள்ளங்காலில் புண் வந்தால் நமக்கு நொண்டத் தோன்றும்; அந்த நொண்டலே புண்ணுக்கு ஓய்வு. வலி தெரியாதவர் அதே இடத்தை மிதித்து மிதித்து நடப்பார். புண் ஆழமாகி, சீழ் எலும்புவரை புரையோடும். கடைசியில் காலை எடுப்பார்கள். பிராண்டும் அவருடைய சகாக்களும் வேறு வழி கண்டார்கள். சீழைத் திறந்துவிட்டு, கெட்ட எலும்பை மட்டும் நீக்கி, பாதம் முழுவதும் பாரம் சமமாகப் பரவும்படி மாவுக்கட்டுப் போட்டு வைத்தார்கள். இலங்கையிலும் இந்தியாவிலும் முன்பே சிலர் கையாண்ட முறை அது. புண்கள் ஆறின. மறுபடியும் வராமலிருக்க, மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்புகளைத் தைத்துக் கொடுத்தார்கள். 1955-ல் நிறுவப்பட்ட காரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்திலும் இந்த வேலை வளர்ந்தது.

1966-ல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் நகருக்குச் சென்றார். அங்கே ஒரு புதிய உண்மை கண்ணில் பட்டது. சர்க்கரை வியாதி முற்றியவர்களின் பாதங்களும் அச்சாகத் தொழுநோயாளிகளின் பாதங்களைப் போலவே புண்ணாகி அழுகின. வேலூரில் ஏழைகளின் காலில் கற்ற பாடம் பணக்கார தேசத்தின் காலைக் காப்பாற்றப் போயிற்று. அந்த மாவுக்கட்டு இன்று உலகெங்கும் சர்க்கரை வியாதிக்காரர்களின் பாதப் புண்ணுக்கு முதன்மையான சிகிச்சைகளில் ஒன்று. வலியை மனிதனுக்குக் கிடைத்த வரம் என்று சொல்லிச் சொல்லியே வாழ்ந்த அந்த டாக்டர், 2003-ம் ஆண்டு ஜூலையில் காலமானார்.

மலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையே

அந்தப் பாடம் இன்று சொந்த ஊருக்கே அதிகமாகத் தேவைப்படுகிறது. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கணக்குப்படி, இந்தியாவில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் சுமார் 10 கோடிப் பேர். இது பட்டணத்துப் பணக்காரர்களின் வியாதி என்ற காலம் மலையேறிவிட்டது. களியும் கீரையும் உண்டு வெயிலில் உழைத்த ஊர்களிலும் அது புகுந்துவிட்டது.

தர்மபுரி ஜில்லாவுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு, அது தூரம். அரூர் வட்டத்தில், மலைகளுக்கு நடுவே உள்ள சிட்லிங்கி பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்ளலாம். 1990-களின் தொடக்கத்தில் அங்கிருந்து ஓர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தாண்டி அரூர் போக வேண்டும். பெரிய ஆபரேஷன் என்றால் சேலமோ தர்மபுரியோதான். நாழிகைக் கணக்கில் பரவும் வியாதிக்கு அந்தத் தூரமே எமன்.

டாக்டர் ரெஜி ஜார்ஜும் அவர் மனைவி டாக்டர் லலிதா ரெஜியும் 1993-ல் அங்கே ஒரு கூரைக் குடிசையில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள். அவர் மயக்க மருந்து நிபுணர். அம்மையார் மகப்பேறு மருத்துவர். மலைவாழ் பெண்களையே பழக்கி நர்ஸுகளாகவும் கிராம சுகாதார ஊழியர்களாகவும் ஆக்கினார்கள். குடிசை நாளடைவில் ஆபரேஷன் அறையோடு கூடிய ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. பெரிய கட்டடம் முக்கியமல்ல. ஆபத்தை ஆரம்பத்தில் கண்டுகொள்ளும் ஒரு பயிற்சி பெற்ற கண் ஊருக்குள் இருப்பதுதான் முக்கியம் என்பதற்கு அந்தப் பள்ளத்தாக்கு சாட்சி.

ஜில்லாத் தலைநகரில் 2008-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அதே ஆண்டில் 108 ஆம்புலன்ஸும் தமிழ்நாட்டில் ஓடத் தொடங்கியது. சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு ஆகியவற்றுக்கு வீடு தேடிச் சென்று மருந்து கொடுக்கும் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம், 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. தொடங்கிய இடம், ஒரு காலத்தில் தர்மபுரியோடு சேர்ந்திருந்த கிருஷ்ணகிரி ஜில்லாவின் சாமனப்பள்ளி கிராமம். ஆக, தூரம் குறைந்திருக்கிறது. மஞ்சள் பற்றுக்கும் மாத்திரைக் கடைக்கும் இடையே கழிகிற அந்த மூன்று நாட்கள்தான் இன்னும் குறையவில்லை.

கண்டதும் ஓட வேண்டிய அடையாளங்கள்

டாக்டர்கள் சொல்லும் அடையாளங்கள் யாரும் புரிந்துகொள்ளக்கூடியவை. பார்வைக்குச் சிறிய காயம். வலியோ அளவு கடந்தது. இதுதான் முதல் எச்சரிக்கை. வீக்கம் காயத்தைத் தாண்டிக் கெட்டியாகப் பரவுவது இரண்டாவது. தோல் கருநீலமாவது, கொப்புளம் எழும்புவது, அழுத்தினால் உள்ளே நறநறவென்று ஒலிப்பது, காய்ச்சலோடு புத்தி தடுமாறுவது ஆகியவை வந்துவிட்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. பொறுக்க முடியாத வலி சிகிச்சையில்லாமலே திடீரென்று மரத்துப்போனால், குணமாகிவிட்டது என்று மகிழ வேண்டாம். நரம்பும் செத்துவிட்டது என்று அதற்குப் பொருளாக இருக்கலாம்.

சிவப்பின் விளிம்பைச் சுற்றி மைப் பேனாவால் ஒரு கோடு போட்டு வைப்பது நல்ல யுக்தி. சில மணி நேரத்தில் சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டினால், வண்டியைப் பிடிக்க வேண்டியதுதான். விரல் வீங்கி மடங்கியே நின்று, நிமிர்த்தினால் உயிர் போவது போல வலித்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

சர்க்கரை வியாதி உள்ளவர்கள் இரவு படுக்கப் போகுமுன் இரண்டு உள்ளங்கால்களையும் விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். குனிந்து பார்க்க முடியாதவர்கள் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துக்கொள்ளலாம். அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். வெறுங்காலோடு நடக்கக் கூடாது. செருப்புப் போடுமுன் அதைத் தட்டி உதறிப் போட வேண்டும். கால் ஆணியைப் பிளேடால் சீவுவதும், மரத்துப்போன காலுக்குச் சூடான ஒத்தடம் கொடுப்பதும் ஆகாது. சூடு எவ்வளவு என்பது அந்தக் காலுக்குத் தெரியாது. வெந்த பிறகு கண்ணுக்குத்தான் தெரியும்.

கொல்லிமலையில் ஒரு பாதிரியார் கட்டிகளைக் கீறியதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்ட பையன், பிறகு ஆயுள் முழுவதும் பிறர் கைகால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரின் கத்தி கூர்மையாகத்தான் இருக்கிறது. அது எவ்வளவு வெட்ட வேண்டும், எவ்வளவு விட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதோ, நோயாளி முதல் நாள் வந்தாரா, நான்காம் நாள் வந்தாரா என்பதுதான். "காலை எடுத்துடுவீங்களா, சார்?" என்ற கேள்விக்குப் பதில், ஆஸ்பத்திரி வாசலுக்கு வருமுன்பே வீட்டுத் திண்ணையில் பாதி எழுதப்பட்டுவிடுகிறது.